வரிசையில் நிற்கிறவனுக்கு ஹாக்கி வராது

ஆடுகளம்: வாசகர் கேள்வி – பதில்

கல்லூரி ஹாக்கி அணிகளைப் பற்றிக் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டுமே.

தக்கலைப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருக்கிறேன். மூன்று வருஷமாகப் பல்கலைக்கழகப் போட்டியில் எங்கள் ஹாக்கி அணி முதல் சுற்றோடு திரும்பி வருகிறது. இந்த வருஷம் தேர்வுக்கு வந்த 22 பேரில் பள்ளியில் ஹாக்கி ஆடியவர்கள் 5 பேர்தான். செம்மண் மைதானம், அதில் பாதி ஃபுட்பால்காரர்களுக்கு. நாலரையிலிருந்து ஆறு மணி வரைதான் நேரம். எங்கிருந்து ஆரம்பிப்பது?

நாளைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். பயிற்சி நடக்கும்போது ஒரே ஒரு முதலாமாண்டுப் பையனை மட்டும் பார்த்துக்கொண்டு, அவன் ஸ்டிக்கில் பந்து எத்தனை தடவை படுகிறது என்று எண்ணுங்கள். வரிசைக்கு 11 பேராக இரண்டு வரிசை, முன்னால் நிற்பவன் ஓடிப்போய்ப் பந்தை வாங்கி அடித்துவிட்டுப் பின்னால் போய் நிற்பான் என்பதுதான் பல கல்லூரிகளில் நடக்கும் பயிற்சி. ஒரு முறைக்குப் பத்து வினாடி என்றால், அவனுக்கு அடுத்த முறை வர ஏறக்குறைய இரண்டு நிமிஷம். இருபது நிமிஷத்தில் கிடைப்பது பத்துப் பதினோரு பந்து. மீதி நேரமெல்லாம் இடுப்பில் கைவைத்துக் கதை பேசுகிறான். பள்ளியிலேயே ஆடிவிட்டு வந்தவனுக்கு இதில் பெரிய நஷ்டமில்லை. 18 வயசில் முதன்முதலாக ஸ்டிக்கைத் தொடுகிறவனுக்கு இதுதான் கொள்ளை நஷ்டம்.

அதே 22 பேரை ஜோடி ஜோடியாக, எட்டு மீட்டர் இடைவெளியில் நிறுத்தி, ஜோடிக்கு ஒரு பந்து கொடுங்கள். மூன்று வினாடிக்கு ஒரு பாஸ் என்று வைத்தாலும் பத்து நிமிஷத்தில் 200 பாஸ், ஆளுக்கு 100 ட்ராப், அதாவது வரும் பந்தை ஸ்டிக்கால் நிறுத்துவது. ஆகவே முதல் செலவு பந்துக்குத்தான். 11 பந்து, பக்கத்துத் தோட்டத்துக்குள் போய்த் தொலைவதற்கு மூன்று, மொத்தம் 14. புது ஜெர்சிக்கு ஒதுக்கிய பணத்தை இதற்குத் திருப்பிவிடுங்கள். பழைய ஜெர்சியோடு தோற்றால் ஒன்றும் குறைந்துபோய்விடாது.

தொண்ணூறு நிமிஷத்தை எப்படிப் பங்கிடுவது? ஸ்டிக்கும் பந்துமாகவே உடம்பைச் சூடாக்கப் பத்து நிமிஷம். மைதானத்தைச் சுற்றிப் பத்து ரவுண்டு ஓடவிடுவது வேண்டாம், அது நேரத்தைத் தின்னும். ஜோடியாகப் புஷ் (ஸ்டிக்கைப் பின்னால் தூக்காமல் பந்தைத் தள்ளுவது)–ட்ராப் பதினைந்து. பிறகு ஐந்து மீட்டர் அகலம், பத்து மீட்டர் நீளமுள்ள சந்து போட்டு ஒருவனுக்கு ஒருவன், பதினைந்து. அடுத்த இருபத்தைந்து நிமிஷம்தான் அன்றைய பயிற்சியின் உயிர்: இருபதுக்குப் பதினைந்து மீட்டர் கட்டத்தில் மூன்றுக்கு மூன்று ஆட்டம், மூன்று கட்டம் ஒரே நேரத்தில். மிஞ்சும் நாலு பேர் வெளியே இருந்து கணக்கெழுதட்டும், நாலு நிமிஷத்துக்கு ஒருமுறை மாறட்டும். பெனால்டி கார்னருக்கு (எதிரணி தன் கோல் முன் அரைவட்டத்துக்குள் தவறு செய்தால் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு) பதினைந்து, கடைசிப் பத்து நிமிஷம் முதுகுக்கும் தொடைக்கும். இதற்கெல்லாம் அரை மைதானம் தாராளம். முழு மைதானம் வேண்டியது 11 பேர் ஆட்டத்துக்கு மட்டும். அதை வாரத்தில் ஒருநாள், ஃபுட்பால்காரர்கள் வராத நாளில் வைத்துக்கொள்ளலாம்.

முதல் மாதம் ஹிட் அடிக்கவே விடாதீர்கள். புஷ் மட்டும். மேடுபள்ள மண்ணில் ஹிட் அடித்த பந்து எழும்பும். ஹாக்கிப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம், கிட்டத்தட்ட கிரிக்கெட் பந்துதான். முழங்காலில் பட்டால் அடுத்த நாள் பையன் வரமாட்டான். வேறொரு கேடும் உண்டு. ஹிட்டுக்கு ஸ்டிக்கைப் பின்னால் தூக்கும் அந்த அரை வினாடிக்குள் எதிராளி பந்தைத் தட்டிக்கொண்டு போய்விடுவான். ஹிட்டை முதலில் பழகியவன் நெருக்கடி வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பான், அது நேரே எதிரணிக்குப் போகும்.

புதியவர்களின் கைப்பிடியைப் பாருங்கள். இடது கை ஸ்டிக்கின் உச்சியில் இருக்க வேண்டும், ஸ்டிக்கைத் திருப்புவது அந்தக் கைதான். வலது கை ஒரு சாண் கீழே, ஒரு குழாய்போல லேசாக. கிரிக்கெட் ஆடியவன் வலது கையை இறுக்கிப் பிடிப்பான், அதனால் ரிவர்ஸ் (ஸ்டிக்கைத் திருப்பி இடப்பக்கம் ஆடுவது) வராது. வலது கையில் ஒரு பழைய துணியைச் சுற்றிக்கொண்டு ஸ்டிக்கைப் பிடிக்கச் சொல்லுங்கள். இறுக்கினால் துணி ஸ்டிக்கோடு சேர்ந்து முறுக்கும், அவனுக்கே தெரிந்துவிடும்.

ஆள் தேடுவதற்கும் ஒரு வழி. உங்கள் மாவட்டத்துக் கடற்கரைப் பையன்கள் ஃபுட்பால்காரர்கள், வெற்றிடம் எங்கே என்று அவர்கள் கண்ணுக்குத் தெரியும். காலால் பந்தை நிறுத்தும் பழக்கம் போக மட்டும் ஒரு மாதம் ஆகும். கபடிக்காரன் குனிந்து நிற்கப் பழகியவன், டிஃபென்ஸுக்கு நல்லவன். ஆனால் பாய்ந்துவிடுவான். டிஃபெண்டர் பாயக்கூடாது, எதிராளியைத் தன் வலப்பக்கம், ஸ்டிக்கின் நேர்முகம் இருக்கும் பக்கம், மெல்ல ஓரங்கட்டிக்கொண்டு பின்வாங்க வேண்டும். பந்து அவன் ஸ்டிக்கைவிட்டு ஒரு முழம் விலகும் கணத்தில் குத்த வேண்டும், வீசக்கூடாது.

கடைசியாக ஒன்று. "எடுலே! அடிலே!" என்று ஓரத்திலிருந்து கத்துவது பயிற்சி இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவனுக்கு அது தேவையில்லை, தெரியாதவனுக்கு அதில் விஷயமில்லை.

எங்கள் மண் மைதானத்தில் எனக்கு ட்ராப் நன்றாக வரும். கோவில்பட்டிக்குப் போய் டர்ஃபில் (செயற்கைப் புல்தரை) ஆடினால் பந்து ஸ்டிக்குக்கு அடியில் புகுந்து போகிறது, இல்லையென்றால் தெறித்துவிடுகிறது. ஏன்? — இரண்டாமாண்டு மாணவர், திங்கள்சந்தை

மண்ணில் பந்து துள்ளும். அதனால் உயரத்தைக் காக்க ஸ்டிக்கை நெட்டுக்குத்தாக வைத்துப் பழகிவிட்டீர்கள். டர்ஃபில் பந்து துள்ளாது, தரையோடு வழுக்கிக்கொண்டு நீங்கள் எதிர்பார்ப்பதைவிட முன்னதாக வந்துவிடும். அங்கே காக்க வேண்டியது அகலத்தை. இன்னும் ஒரு சாண் குனியுங்கள், ஸ்டிக்கைச் சாயுங்கள், இடது கையை முழங்கால் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கைப்பிடி பந்து வரும் திசைக்கு முன்னாலும் ஸ்டிக்கின் தலை பின்னாலும் இருந்தால், ஸ்டிக் முகம் பந்துக்கு மேல் கூரைபோல் கவிழும். அப்போது பந்து எழும்பாது. தலை முன்னால் போய்விட்டால் அது சறுக்குப் பலகை, பந்து மேலேறி உங்கள் மார்புக்கு வரும்.

தெறிப்பதற்குக் காரணம் இறுக்கம். பந்து படும் நேரத்தில் வலது கையை ஒரு விரற்கடை பின்வாங்கவிடுங்கள், முட்டையை வாங்குவதுபோல.

டர்ஃபுக்காகக் கோவில்பட்டி வரை தினமும் போகமுடியாது. உங்கள் கல்லூரியில் சிமென்ட் பாஸ்கெட்பால் கோர்ட் இருக்குமே. 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், நாலுக்கு நாலு ஆட அளவெடுத்ததுபோல் இருக்கும். பந்தின் வேகம் டர்ஃபைவிடவும் கூடுதல். பழைய ஸ்டிக்கை எடுத்துப் போங்கள், சிமென்ட் அதன் தலையை அரைத்துவிடும். ஸ்டிக் தலையின் அடிப்பக்கத்தில் துணி டேப் இரண்டு சுற்றுச் சுற்றி, வாரம் ஒருமுறை மாற்றினால் ஒரு பருவம் தாங்கும். வாரம் இரண்டு நாள் அங்கே ஆடினால் ஆறு வாரத்தில் கண் பழகிவிடும்.

ஃபுட்பால் ஸ்டட் போட்டுக்கொண்டு டர்ஃபில் இறங்காதீர்கள். அடியில் சிறுசிறு ரப்பர் குமிழ்கள் உள்ள ஷூதான் சரி.

எங்கள் பெண்கள் அணிக்கு ஒரே ஆட்டத்தில் ஏழு பெனால்டி கார்னர் கிடைத்தது. ஒன்றுகூடக் கோல் ஆகவில்லை. நான் ட்ராக் ஃப்ளிக் பழகலாமா? — அணித் தலைவி, நாகர்கோவில்

இப்போது வேண்டாம். பந்தை ஸ்டிக்கோடு இழுத்துவந்து சுண்டி எறியும் ட்ராக் ஃப்ளிக்குக்கு நல்ல டர்ஃபும் முதுகில் வலுவும் நெடுநாள் பழக்கமும் வேண்டும். அவசரப்பட்டால் முதலில் போவது இடுப்பு. உங்கள் ஏழு கார்னரில் எத்தனை தடவை பந்து டியின் (கோல் முன் அரைவட்டம்) உச்சியில் செத்த மாதிரி நின்றது என்று யோசித்துப் பாருங்கள். ஒன்றோ இரண்டோ என்றால், அடிக்கிறவரைக் குறை சொல்லி என்ன பயன்?

பந்தைக் கோல் போஸ்ட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளி பேக்லைனில் (கோல் நிற்கும் எல்லைக்கோடு) வைக்கிறோம். டியின் ஆரம் 14.63 மீட்டர். அங்கிருந்து டியின் நடு உச்சிக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 19 மீட்டர். அத்தனை தூரம் மண்ணில் துள்ளாமல் பந்தை அனுப்புவதுதான் முதல் வித்தை. தட்டி அனுப்பினால் பந்து மூன்று இடத்தில் குதிக்கும். ஒரு காலாவது கோட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். கால்களை அகல வைத்து, இடது தோள் பந்து போகும் பக்கம் பார்க்க, பந்தைப் பின்காலுக்கு அருகே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கைப் பந்தோடு ஒட்டி, பின்காலிலிருந்து முன்கால் தாண்டும்வரை இழுத்துத் தள்ளுங்கள். எடை முழுதும் முன்காலுக்கு வர வேண்டும். பந்தைத் தள்ளுவதுபோல் பாவனை காட்டி ஏமாற்றுவது விதிமீறல்.

நிறுத்துகிறவர் டிக்கு வெளியே ஒரு எட்டுத் தள்ளி நிற்க வேண்டும். பந்து டியைவிட்டு வெளியே போகாமல் கோல் அடித்தால் செல்லாது. முழங்கால் நன்றாக மடங்க, மண் மைதானமானால் ஸ்டிக்கைத் தரையோடு படுக்கவைத்து நிறுத்தட்டும். நின்றதும் அரை மீட்டர் உள்ளே இழுத்துவிட்டு விலக வேண்டும், அடிப்பவர் அதற்குள் இரண்டு எட்டில் வந்துவிட வேண்டும். முதல் அடி ஹிட்டாக இருந்தால் கோல் கோட்டைத் தாண்டும்போது பந்து 460 மில்லிமீட்டருக்கு மேலே போகக்கூடாது. கோலுக்குள் இருக்கும் பலகையின் உயரமும் அதுவே. பலகைச் சத்தம் கேட்கிற மாதிரி அடி என்று சொன்னால் போதும்.

எதிரணியில் கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர் பேக்லைனில் நிற்பார்கள். அவர்களில் முதலில் ஓடிவருபவள் அடிப்பவரை நோக்கி நேர்கோட்டில் வருவாள். அந்தக் கோட்டுக்கு மறுபக்க மூலைதான் உங்கள் இலக்கு. அவள் மிக வேகமாக வருகிறாள் என்றால், நிறுத்துகிறவர் அடிப்பவருக்குப் பதிலாக இடப்பக்கம் மூன்று மீட்டர் தள்ளி நிற்பவருக்கு நழுவவிடலாம். மாற்று உத்தி இந்த ஒன்று போதும். பத்து உத்தி வைத்திருக்கும் கல்லூரி அணிகள் ஆட்டத்தில் எதை அழைத்தோம் என்பதையே மறந்துவிடுகின்றன.

பந்தை உள்ளே அனுப்பியவரை யாரும் கண்டுகொள்வதில்லை. அனுப்பியதும் அவர் பக்கத்துப் போஸ்ட்டுக்கு ஓடி, ஸ்டிக்கைத் தரையில் வைத்து நிற்க வேண்டும். கோல்கீப்பர் காலில் பட்டுத் திரும்பும் பந்து பல தடவை அங்கேதான் விழும்.

தினமும் 20 பந்து. அடிக்கவே வேண்டாம், அனுப்புவதும் நிறுத்துவதும் மட்டும். 20-ல் 15 சுத்தமாக நின்ற பிறகுதான் அடிப்பவர் வரிசையில் சேரலாம். மைதானத்தில் அந்த 19 மீட்டர் தடத்தை மட்டும் நீர் தெளித்து உருளை ஓட்டிச் சமப்படுத்திக்கொள்ளுங்கள், முழு மைதானத்தையும் சமப்படுத்த யாரும் பணம் தரப்போவதில்லை.

கேள்வி ஐஸ் ஹாக்கி பற்றியது, பொறுத்துக்கொள்ளவும். என் தங்கை மகன் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவன். 20 வயசில்தான் கல்லூரியில் முதலாமாண்டு சேர்ந்து அங்கே ஐஸ் ஹாக்கி ஆடுகிறான். அணி தோற்றுக்கொண்டே இருக்கிறது. இணையத்தில் ஆட்டம் பார்த்தால், அவன் இறங்கி முக்கால் நிமிஷம்கூட ஆகாது, கோச் வெளியே கூப்பிட்டுவிடுகிறார். பையனை ஒதுக்குகிறார்களா? — ஓய்வுபெற்ற ஆசிரியர், கருங்கல்

இல்லை மாமா, அந்த விளையாட்டே அப்படித்தான். ஒரு நேரத்தில் ஐஸ் மேல் ஒரு அணிக்கு ஆறு பேர்: கோல்கீப்பர், இரண்டு டிஃபென்ஸ், மூன்று ஃபார்வர்டு. ஃபார்வர்டுகள் மும்மூன்று பேராக நாலு லைன் இருப்பார்கள். ஒரு லைன் இறங்கினால் 40, 45 வினாடி உயிரைக் கொடுத்துச் சறுக்கிவிட்டு வெளியே வரும், அடுத்தது இறங்கும். இதற்கு ஷிஃப்ட் என்று பெயர். ஒரு நிமிஷத்தைத் தாண்டினால் கால் கனத்து வேகம் போய்விடும். நட்சத்திர வீரனுக்கும் இதே சட்டம்தான்.

வயசைப் பற்றியும் கவலை வேண்டாம். அங்கே பள்ளி முடித்ததும் ஜூனியர் லீகில் ஒன்றிரண்டு வருஷம் ஆடிவிட்டு 19, 20 வயசில் கல்லூரிக்கு வருவது வழக்கம். 2025 ஆகஸ்ட் 1 முதல் கனடாவின் பெரிய ஜூனியர் லீக் வீரர்களும் அமெரிக்கக் கல்லூரிகளின் முதல் பிரிவில் ஆடலாம் என்று விதி மாறிவிட்டது. அதனால் முதலாமாண்டுக்காரனுக்கு இடம் கிடைப்பதே முன்பைவிடக் கடினம்.

அடுத்த ஆட்டத்தில் கோலை எண்ணாதீர்கள். அவன் வெளியே வரும்போது பந்து, அங்கே அது பக் எனப்படும் ரப்பர் வட்டு, எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். எதிரணிப் பக்கம் இருக்கும்போது மாறினால் பையன் தேறிவிட்டான். இருபது இருபது நிமிஷமாக மூன்று பகுதி ஆட்டத்தில், இரண்டாவது பகுதியில் அணிகள் பக்கம் மாறுவதால் உட்காரும் பெஞ்ச் தன் கோலிலிருந்து தூரமாகிவிடும். அப்போது களைத்த கால்களோடு தன் பக்கமே மாட்டிக்கொள்ளும் லைன்தான் கோல் வாங்கும். தோற்கிற அணிகள் இரண்டாவது பகுதியில் சரிவதற்கு இது பெரிய காரணம். நாலாவது லைனில் இருக்கும் புதுப்பையனிடம் கோச் எதிர்பார்ப்பது நேரத்துக்கு வெளியே வருவது, சுவரோரப் போராட்டத்தில் பக்கை இழக்காமலிருப்பது, தன் பகுதியிலிருந்து அதை வெளியேற்றுவது. கோல் அடிப்பது அடுத்த வருஷத்துக் கதை.

நம் ஹாக்கியிலும் ஆளை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால் நம் கல்லூரி அணிகள் காயம்பட்டால்தான் மாற்றுகின்றன. 15 நிமிஷக் கால்பகுதியில் ஃபார்வர்டுகளை ஐந்து ஆறு நிமிஷத்துக்கு ஒருமுறை மாற்றிப் பாருங்கள். நாகர்கோவில் புழுக்கத்தில் நாலாவது பகுதியில் யார் ஓடுகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

நம் ஊரில் ஐஸ் ஹாக்கி ஆடமுடியுமா? — 9-ஆம் வகுப்பு மாணவி, கொட்டாரம்

குமரியில் ஐஸ் வியாபாரம் மீனுக்குத்தான். லடாக்கில் குளிர்காலத்தில் குளம் உறைந்ததும் ஆடுகிறார்கள், டேராடூனில் உள்ளரங்கு உண்டு. 2025-ல் பெண்கள் ஐஸ் ஹாக்கி ஆசியக் கோப்பையில் இந்தியா வெண்கலம் வென்றது. நீங்கள் சக்கர ஸ்கேட்டிங்கில் ஆரம்பியுங்கள்.

என் மகன் அருமனைப் பக்கம் அதிகாலையில் ரப்பர் பால் வெட்டிவிட்டுக் கல்லூரிக்குப் போகிறான். சாயங்காலம் ஹாக்கிப் பயிற்சி. இரண்டு தடவை மைதானத்தில் தலைசுற்றி விழுந்திருக்கிறான். நிறுத்தச் சொல்லவா? — ஒரு தாய்

முதலில் டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், ஹீமோகுளோபின் கட்டாயம். இரண்டு தடவை விழுந்தபிறகு அதைத் தள்ளிப்போடக்கூடாது. டாக்டர் சரி என்று சொல்லும்வரை மைதானத்துக்கு அனுப்பாதீர்கள்.

அவர் தடையில்லை என்றால், அடுத்து நாள்கணக்கைப் பாருங்கள். பால் வெட்டு பெரும்பாலும் ஒன்றுவிட்ட நாள்தானே நடக்கும். வெட்டு இல்லாத நாளில் ஓட்டப் பயிற்சி, வெட்டு நாளில் ட்ராப்பும் பெனால்டி கார்னரும் மட்டும் என்று பி.டி. சாரிடம் பேசச் சொல்லுங்கள். எந்தக் கோச்சாவது இதற்கு மறுப்புச் சொன்னால் அவர் நல்ல கோச் இல்லை. மூன்றரை மணிக்கு எழுந்து கட்டன்சாயா மட்டும் குடித்துவிட்டு வெட்டி, குளித்து, பஸ் பிடித்து, மதியம் ஏதோ கொறித்து, நாலரைக்கு ஓடினால் யாருக்கும் தலைசுற்றும்.

வெட்டு முடிந்ததும் பயறும் கஞ்சியும், அல்லது மரச்சீனியும் மீனும் வயிறார. பயிற்சிக்கு முக்கால் மணி முன்னால் மட்டிப்பழம் இரண்டு, கடலைமிட்டாய் ஒன்று. (ஹாக்கியும் கடலைமிட்டாயும் கோவில்பட்டியிலிருந்து சேர்ந்தே வருவது நல்ல பொருத்தம்.) மதியத்துக்குப் பிறகு அரை லிட்டர் தண்ணீர். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள், ஒரு கிலோ குறைந்திருந்தால் அன்று இரவுக்குள் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை திருப்பிக் குடிக்க வேண்டும். வியர்வை அதிகமென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு அளவு தாண்டக்கூடாது.

மழைக்காலத்தில் கோல்கீப்பர் பேட் நாறுகிறது, பூசணம் பிடிக்கிறது. கல்லூரியில் ஒரே ஒரு செட்தான். பயிற்சியில் எனக்கென்று எதுவும் சொல்லித் தருவதுமில்லை. — கோல்கீப்பர், குலசேகரம்

இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில் இது தீராத தொல்லை. பைக்குள் வைத்து மூடுவதுதான் குற்றம். பேட், கிக்கர் (பாதக் கவசம்), கைக்கவசம் எல்லாம் நுரைப்பொருள், வெயிலில் போட்டால் விரிசல் விடும். நிழலில், காற்றோட்டத்தில், கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். மார்புக்கவசத்தின் உள்துணியை வினிகர் கலந்த தண்ணீரில் துடைத்தால் நாற்றம் குறையும். முதலில் அறுவது கிக்கரின் வார், உபரியாக ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கவசமும் தொண்டைக்காப்பும் இல்லாமல் ஒரு பந்துக்குக்கூட நிற்காதீர்கள், பயிற்சியானாலும்.

பயிற்சியைப் பொறுத்தவரை, கடைசியில் எல்லோரும் வரிசையாக வந்து உங்கள்மேல் அடிப்பது அவர்களுக்கான பயிற்சி, உங்களுக்கானதல்ல. தினம் இருபது நிமிஷம் தனியாகக் கேளுங்கள். ஒருவர் ஆறு மீட்டரிலிருந்து உங்கள் வலது கால், இடது கால் என்று மாற்றி மாற்றிப் புஷ் பண்ணட்டும். நீங்கள் உள்பாதத்தால் பக்கவாட்டுக்கு உதைத்துத் தள்ள வேண்டும். பந்து நேரே முன்னால் போனால் அது எதிரணிக்கு இரண்டாவது வாய்ப்பு. தோற்கிற அணிகள் வாங்கும் கோல்களில் அந்த இரண்டாவது அடியில் வருபவை எத்தனை என்று உங்கள் ஆட்டங்களிலேயே எண்ணிப் பாருங்கள்.

மூன்றாமாண்டுப் பையன்கள் போனதும் அணி காலி. ஒவ்வொரு ஜூனிலும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறோம். இதற்கு முடிவே இல்லையா? — முன்னாள் மாணவர், குழித்துறை

18 பேர் பட்டியலில் மூன்றாமாண்டுக்காரர்கள் ஏழு பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். முதலாமாண்டில் ஐந்து பேராவது இருக்க வேண்டும். அவர்களைத் தண்ணீர் தூக்க வைக்காமல், ஒவ்வொரு ஆட்டத்திலும் குறைந்தது பத்து நிமிஷம் இறக்க வேண்டும். இதனால் முதல் வருஷம் இன்னும் மோசமாகத் தோற்கலாம். கல்லூரி முதல்வரிடம் இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது புத்திசாலித்தனம். முதுகலையில் சேரும் பையன் இன்னும் இரண்டு வருஷம் கிடைப்பான், அவனை விடாதீர்கள்.

ஒரு கோடுபோட்ட நோட்டு வாங்கிக் கோல் புத்தகம் என்று பெயர் எழுதுங்கள். வாங்கிய ஒவ்வொரு கோலுக்கும் மூன்று விஷயம்: பந்து எங்கே பறிபோனது, யார் காலில் அல்லது ஸ்டிக்கில், அதற்கு முந்தைய பாஸ் என்ன. மைதானத்தை இரண்டு 23 மீட்டர் கோடுகளும் நடுக்கோடும் நாலாகப் பிரிக்கின்றன, எந்தப் பகுதி என்ற எண்ணை மட்டும் எழுதினால் போதும். ஆறேழு ஆட்டம் எழுதினால் ஒரே இடம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். இப்படிப்பட்ட அணிகளில் நாங்கள் அதிகம் பார்ப்பது, தன் 23 மீட்டருக்குள் குறுக்கே கொடுக்கும் பாஸும், டிக்குள் காலில் வாங்கும் பந்தும். முதலாவதைத் தடை செய்துவிடுங்கள். இரண்டாவதற்கு மருந்து, டிக்குள் நுழைந்ததும் ஸ்டிக்கைத் தரையைவிட்டு எடுக்காத பழக்கம். ஆடுகிறவன் மாறினாலும் அந்த நோட்டு கல்லூரியில் இருக்கும், அடுத்த ஜூனில் வருகிறவன் அதிலிருந்து தொடங்கலாம்.

ஜூன் ஒன்று முதல் ஜூலை முடிய மேற்குக் கடலில் விசைப்படகுத் தடை. விடுமுறையில் படகுக்குப் போகும் பையன்கள் கரையில் இருக்கும் மாதங்கள் அவை. புதியவர்களுக்கான முகாமை அப்போது வைத்தால் ஆள் வரும். மழை பெய்தால் பாஸ்கெட்பால் கோர்ட், அதுவும் நனைந்தால் வராந்தாவில் சுவரில் புஷ் பண்ணி ட்ராப்.

வருஷத்தில் இரண்டு தடவையாவது கோவில்பட்டி அணிகளோடு போய் ஆடுங்கள். மாரீஸ்வரனையும் கார்த்தியையும் இந்திய அணிக்கு அனுப்பிய இடம் அது. எட்டு கோல் வாங்கி வந்தால் நோட்டில் எட்டுப் பக்கம் நிறையும்.

முதல் ஸ்டிக் வாங்கப் போகிறேன். 90 சதவீதம் கார்பன் நல்லது என்கிறார் கடைக்காரர். — முதலாமாண்டு மாணவர், ஆரல்வாய்மொழி

அவருக்கு நல்லது. கார்பன் கூடக்கூட ஸ்டிக் விறைக்கும், அடி வேகமாகப் போகும், ட்ராப்பில் பந்து தெறிக்கும். உங்களுக்குக் கார்பன் 30 சதவீதத்துக்குள் போதும். வளைவு நடுவில் இருப்பதை வாங்குங்கள், தலைக்கு அருகே வளைந்தது ட்ராக் ஃப்ளிக்காரர்களுக்கு. பக்கத்தில் நிறுத்தினால் கைப்பிடி நுனி இடுப்பெலும்பைத் தொட வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு 36.5 அங்குலம் சரியாக வரும், நல்ல உயரமானவர்களுக்கு 37.5. கைப்பிடித் துணியைக் கடையிலேயே மாற்றித் தரச் சொல்லுங்கள், கம்பெனிப் பிடி நம் ஊர் வியர்வைக்கு ஒரு மாதம் தாங்காது.